குட்டியானையில் வந்த குதிரை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை ஆறரை மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம். தக்காளி மண்டிக்காரர் மகன் குட்டியானையின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே ஒரு வெள்ளைக் குதிரை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் விலைபேசி முடித்து, சொந்தக்காரர் தோட்டத்தில் கட்டி வைத்திருந்தானாம். நேற்று ராத்திரி ஏற்றி மேட்டூர், தருமபுரி, பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். "குட்டியானையில குதிரை வந்திருக்கு" என்று தெருப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓட, பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட பிரஷ்ஷோடு வந்துவிட்டார்கள்.

"டாக்டர் சார், இதை எப்படி நிறுத்தறது?" இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"ஓட்டிப் பார்த்தியா தம்பி?"

"சந்தையில அவங்க ஆளு ஓட்டிக் காட்டினான் சார். சூப்பரா இருந்துச்சு."

"நீ?"

"நான் வீடியோ எடுத்தேன்."

வீடியோவைக் காட்டினான். மேளச் சத்தத்துக்கு அந்தக் குதிரை முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கி ஆடுகிறது. நடுவில் பின்னங்காலில் எழுந்து நிற்கிறது. சுற்றி நின்ற கூட்டம் விசிலடிக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கென்று பழக்கிய நாட்டியக் குதிரை அது. பையன் இதுவரை எந்தக் குதிரை மீதும் உட்கார்ந்ததில்லை. பஞ்சப்பள்ளி ரோட்டில் இருக்கிற தோட்டத்துக்குக் காலையும் மாலையும் இதில் போய்வர வேண்டும் என்பது அவன் ஆசை.

இறக்கிக் கட்டியபின் பார்த்தேன். நுக்ரா நிறம்: மயிர் வெள்ளை, மூக்கும் கண்ணோரமும் இளஞ்சிவப்பு. காது நுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கின்றன. மார்வாரி இரத்தம் இருக்கிறது. காயடிக்காத ஆண். வயசு நாலு என்று விற்றிருக்கிறார்கள். உதட்டை விலக்கிப் பார்த்தால் கடைப்பல் வரை எல்லாம் நிலைப்பல், நடுப்பற்கள் நன்றாகத் தேய்ந்திருக்கின்றன. ஏழு வயசுக்குக் குறையாது. ஏமாற்றிவிட்டார்கள் என்று பையன் முகம் வாடியது. வயசு கூடியிருப்பதுதான் இந்த வியாபாரத்தில் அவனுக்குக் கிடைத்த லாபம் என்று சொன்னேன். குதிரைக்கு முதுகெலும்பு முற்ற ஐந்தாறு வருஷமாகும். எலும்பு முற்றிய குதிரை கிடைத்தது அவன் அதிர்ஷ்டம்.

என் மனசைச் சுட்டது அதன் வாய். உதடுகள் சேருமிடத்தில் இரண்டு பக்கமும் பழைய புண் ஆறிய தழும்பு. மயிர் முளைக்காமல் தோல் தடித்துக் கிடக்கிறது. கூடவே கொடுத்தனுப்பிய கடிவாளத்தைக் கையில் எடுத்தேன். வாய்க்குள் போகிற கம்பியில் வரிசையாக முள். பாரம் இழுக்கும் விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் 1965-லேயே முள் கடிவாளத்தைத் தடை செய்துவிட்டன. அறுபது வருஷமாகியும் சந்தையில் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அதை அவனிடம் திருப்பிக் கொடுக்காமல் என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஊரே ஆலோசனை சொல்கிறது. டீக்கடைக்குப் போனால் அங்கேயும் குதிரைப் பேச்சுதான்.

முடிதிருத்துகிறவர் கழுத்தில் இருக்கிற சுழியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஆகாது என்றார். மளிகைக்கடைக்காரர் அதே சுழியை ராஜசுழி என்றார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், எடுத்த எடுப்பிலேயே இழுத்துப் பிடித்துப் பழக்க வேண்டும், விட்டால் கெட்டுவிடும் என்கிறார். மாட்டுத் தரகர் மூக்கில் கயிறு போடச் சொல்கிறார். பையனின் பாட்டி கண்ணேறு கழிக்கக் கறுப்புக் கயிறும் எலுமிச்சம்பழமும் கட்டிவிட்டாள்; எலுமிச்சம்பழத்தைக் குதிரை தின்றுவிட்டது.

சுழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு குதிரைக்கு இருக்கிற இடத்தில் அப்படியே இன்னொன்றுக்குச் சுழி இருக்காது. உலகம் முழுக்கக் குதிரைகளின் அடையாளச் சான்றில் அதைக் குறிப்பது அதனால்தான். ஆளை அடையாளம் காட்டுமே ஒழிய, குணத்தைக் காட்டாது. குணம் தெரிய வேண்டுமானால், சந்தையில் விற்கிறவன் மேளத்தை நிறுத்திய பிறகு குதிரை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அவிழ்த்துக் கட்டும்போது நிற்கிறதா? நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கக் கொடுக்கிறதா? சேணம் வைக்கும்போது காதைப் பின்னுக்கு மடக்குகிறதா? கூட்டத்தை விட்டுத் தனியே கூப்பிட்டால் வருகிறதா? வாங்குகிறவன் தானே ஏறி நடத்திப் பார்த்தானா? இவ்வளவும் பார்க்க அரை நாள் போதும். இந்த ஊர்ப் பையன்கள் செல்போன் வாங்க இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கடிவாளம் கழன்றதும் குதிரை கொஞ்சம் தெளிந்திருக்கிறது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்ற பழமொழியைப் பையனின் அப்பா சொல்லிச் சிரித்தார். முள்ளை வாயில் வாங்கிய குதிரை மூடத்தான் செய்யும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ராத்திரி பத்து மணிக்கு வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். குதிரை படுப்பதும் எழுவதுமாக இருக்கிறது, விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, முன்னங்காலால் தரையைப் பறிக்கிறது. வயிற்றில் காதை வைத்தால் குடல் ஓசை அடங்கிக் கிடக்கிறது. நாடி அறுபதைத் தொட்டது. சும்மா நிற்கிற குதிரைக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது.

"என்னம்மா குடுத்தீங்க?"

"நல்லாத்தானுங்க குடுத்தேன் டாக்டரய்யா. புள்ள ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான். கொள்ளு ரெண்டு படி வேக வெச்சேன், மாட்டுத் தீவனம் ஒரு கூடை, மிஞ்சின ராகிக் களி, கொஞ்சம் புண்ணாக்கு."

பையனின் அம்மா தன் பிள்ளைக்குப் பரிமாறுகிற மாதிரியே பரிமாறியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பசுவுக்கு இரைப்பை நாலு அறை, அசைபோட்டுச் சமாளிக்கும். குதிரைக்கு ஒற்றை இரைப்பை, உடம்பைப் பார்த்தால் அதற்கு மிகச் சிறியது. அதனால்தான் மேய்கிற குதிரை நாளில் பதினைந்து பதினாறு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கிறது. மொத்தமாகக் கொட்டினால் வயிறு கட்டிக்கொள்ளும். அதைவிட ஆபத்து, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது திரும்பி வர வழியில்லை. இரைப்பை வெடித்தே குதிரைகள் செத்திருக்கின்றன. சில மாட்டுத் தீவனங்களில் கலக்கிற மொனென்சின் என்ற மருந்து மாட்டுக்கு நல்லது, குதிரையின் இதயத்துக்கு விஷம். தீவன மூட்டையின் அட்டையை டார்ச் அடித்து வாசித்தேன். நல்லவேளை, அதில் இல்லை.

ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நடக்க வைத்துக் காத்திருந்தோம். விடியற்காலை மூன்றரைக்கு லத்தி போட்டது. இரண்டு மணியிலிருந்து பின்பக்கமே பார்த்துக்கொண்டு நின்ற பையன், "சார், போட்டுருச்சு சார்!" என்று கத்திய கத்தலில் பக்கத்துத் தோட்டத்து நாய்களெல்லாம் குரைத்தன. அந்த அம்மா லத்தி விழுந்த இடத்தில் கற்பூரம் கொளுத்தப் போனார். வைக்கோல் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

எழுதிக் கொடுத்தது: எடை சுமார் 350 கிலோ, ஆகவே உலர்ந்த கணக்கில் நாளைக்கு ஆறேழு கிலோ நார்த்தீவனம், நாலைந்து வேளையாகப் பிரித்து. கொள்ளு ஊறவைத்து அரைக்கிலோ போதும். தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும். களி வேண்டவே வேண்டாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சந்தை முடிந்த மாதத்தில் வீட்டுக்கு ஆள் வருவது வழக்கம். இன்று இரண்டு பேர்.

முதலில் வந்தவர் வெள்ளிச்சந்தைப் பக்கத்து ஒப்பந்தக்காரர். ஆள் நூற்றுப் பத்துக் கிலோ இருப்பார். வாங்கியிருப்பது மட்டக்குதிரை, இருநூறு கிலோ தேறினால் பெரிது. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று சொல்லி, கணக்கைப் போட்டும் காட்டினேன். நாற்பது கிலோ. நீண்ட நேரம் பேப்பரையே பார்த்தார். "அப்ப என் பொண்ணு ஓட்டலாமுங்களா?" என்றார். பெண் ஆறாம் வகுப்பு. தாராளமாக. அவர் கயிற்றைப் பிடித்துக் கூட நடக்கட்டும். இருவர் உடம்புக்கும் நல்லது.

அடுத்தவர் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ஒன்பது வயசு மகனுக்காக இரண்டு வயசுக் குட்டி வாங்கியிருக்கிறார். "ரெண்டும் ஒண்ணா வளரட்டும் சார், அப்பத்தான் பாசம் வரும்." கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! இந்த ஆசையை உலகம் முழுக்க எல்லாத் தகப்பன்மாரும் பட்டிருப்பார்கள். ஆனால் குட்டிக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும், பையனுக்கும் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்றும் தெரியாத இரண்டு பேர் சேர்ந்தால் பயம்தான் வளரும். பையன் ஒருமுறை விழுந்தால் பிறகு ஏறமாட்டான். விழவைத்தால் தப்பிக்கலாம் என்பதைக் குட்டி அன்றே கற்றுக்கொண்டுவிடும். ஏறத் தெரியாதவனுக்குப் பன்னிரண்டு, பதினைந்து வயசான, எல்லாம் பார்த்துச் சலித்த குதிரை வேண்டும். லாரி ஹாரன் அடித்தாலும் காதை மட்டும் ஆட்டிவிட்டு நிற்கிற குதிரை.

"கிழட்டுக் குதிரையா சார்? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

குதிரை வாங்குகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது. அவர் கேட்டுவிட்டார், அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர். குட்டியை ஒரு வருஷம் ஏறாமல் வளர்க்கவும், பையனை அதற்குள் ஓசூரில் எங்காவது பயிற்சிக்கு அனுப்பவும் ஒத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 27, புதன். விநாயகர் சதுர்த்தி

வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பிள்ளையாரை வண்டியில் கொண்டுவருகிற ஊர்வலத்துக்கு முன்னால் குதிரையில் போனால்தான் மரியாதை என்று நண்பர்கள் ஏற்றிவிட்டார்கள். முள்ளில்லாத புதுக் கடிவாளம், வாடகைச் சேணம், பட்டு வேட்டி.

ஸ்டேஷன் ரோட்டில் திரும்பும்வரை ஒழுங்காக நடந்தது. அப்போது பம்பைக்காரர்கள் அடி எடுத்தார்கள்.

குதிரை நின்றது. இரண்டு காதும் முன்னால் வந்தன. பிறகு அது தனக்குத் தெரிந்த வேலையைச் செய்யத் தொடங்கியது. வலக்கால், இடக்கால், வலக்கால். கழுத்தை வளைத்து, தாளம் தப்பாமல். அடடா, என்ன ஆட்டம்! பையன் அங்கவடியிலிருந்து ஒரு கால் கழன்று, பிடரிமயிரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "நில்லு! நில்லு! ஹோ! ஸ்டாப்!" என்கிறான். தமிழில் சொன்னான், தெலுங்கில் சொன்னான், கன்னடத்திலும் சொன்னான். எங்கள் ஊர்க்காரன், மூன்றும் பேசுவான். குதிரைக்கு மூன்றும் தெரியாது. ஜனங்கள் அவன் வேண்டுமென்றே ஆடவைப்பதாக நினைத்து ரூபாய் நோட்டைக் கொண்டுவந்து கழுத்துமாலையில் செருகினார்கள். பம்பைக்காரர்களுக்கு உற்சாகம் பிடித்து வேகம் கூட்டினார்கள். கூட்டவும், பின்னங்காலில் எழுந்து நின்றது.

பையன் பின்பக்கமாக வழுக்கி இறங்கினான். நல்லவேளை, பூ ஏற்றி வந்த தள்ளுவண்டி மேல் விழுந்தான். கை கால் பத்திரம். சாமந்திப் பூ மூன்று கூடை போயிற்று. அங்கேயே காசு கொடுத்துவிட்டார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் பம்பைக்காரப் பெரியவரிடம் போய்ச் சேருமுன் அவரே புரிந்துகொண்டு கையை உயர்த்தினார். மேளம் நின்றது. குதிரையும் அதே நொடியில் நாலு காலையும் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஆளில்லாமல் நின்றது. யாரையும் மிதிக்கவில்லை, உதைக்கவில்லை. சொல்லிக்கொடுத்ததை இவ்வளவு நாணயமாகச் செய்கிற பிராணியைத் திமிர் பிடித்தது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நடுரோட்டில் நின்றே அவருக்குப் பதில் சொன்னேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பையன் இன்று வரவில்லை. சாயங்காலம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

தெரியாத குதிரையை வாங்குவது தமிழ்நாட்டில் பழைய கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: அரபு நாட்டு வியாபாரிகளிடம் மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் குதிரை வாங்குகிறார், வருஷ முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை. காரணத்தையும் சொல்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை; இறைச்சியும் சோறும் வேகவைத்துக் கொடுக்கிறார்கள்; வைத்தியம் தெரிந்த ஆட்களை வியாபாரிகள் கூட அனுப்புவதுமில்லை, ஏனென்றால் செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம். எழுநூறு வருஷம் கழித்து அந்த அம்மா களி கொடுத்ததும், முள் கடிவாளத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டு விற்றவன் போய்விட்டதும் அப்படியே அதில் இருக்கின்றன.

மாணிக்கவாசகரைக் குதிரை வாங்க அனுப்பிய பாண்டியனுக்கு நரிகள் குதிரை உருவில் வந்து சேர்ந்த திருவிளையாடல் எல்லோருக்கும் தெரிந்தது. அதில் நான் எப்போதும் நினைத்துக்கொள்வது, ராத்திரி ஊளையிடும்வரை லாயத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதைத்தான். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவும் சீடர்களும் பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று பணம் கொடுத்து வாங்கினார்கள். சின்ன வயசில் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். இப்போது படிக்கும்போது அந்தக் குரு மேல் பிரியம் வருகிறது. வயசான காலத்தில் நடக்க முடியவில்லை, குதிரை வேண்டுமென்று ஆசை, கேட்டுச் சொல்ல ஒரு நல்ல ஆள் இல்லை.

எங்கள் பக்கத்திலேயே அந்த நல்ல ஆட்கள் ஒரு காலத்தில் நிறைய இருந்தார்கள். ஓசூர் மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824-இல் தொடங்கியதே பட்டாளத்துக்குக் குதிரை வளர்ப்பதற்காக. குதிரைப்படை போனதும் பண்ணை மாட்டுக்கு மாறியது. லாடம் அடிக்கிற கை, நடை பார்க்கிற கண், வாய் பார்த்துப் பழக்குகிற பொறுமை எல்லாம் இரண்டு தலைமுறையில் கரைந்துவிட்டன. குதிரை மேல் ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. வெறும் ஆசையோடு சந்தைக்குப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பையன் வந்தான். "சார், வித்துடவா? இல்ல பழக்கலாமா?" என்று கேட்டான். வாங்கிய பிறகு அவன் கேட்ட முதல் சரியான கேள்வி.

பழக்கலாம், ஆனால் முதலில் குதிரையை அல்ல, அவனை. தருமபுரியில் கல்யாண சாரட்டு வண்டி வைத்திருக்கிற நண்பரிடம் ஒரு வயசான பெண்குதிரை சும்மா நிற்கிறது. தவிட்டு நிறம், தொங்கு வயிறு, ஒரு பக்கக் கண்ணில் பூ. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவன் முகம் போன போக்கு! அந்த வெள்ளையை விட்டுவிட்டு இதிலா?

ஏறினான். நடந்தது. இழுத்தான், நின்றது. மறுபடி குதிகாலால் தொட்டான், நடந்தது. அவன் சாய்ந்தபோது அதுவே நடையைக் குறைத்து அவனை நேராக உட்காரவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரைமணி நேரம் கழித்து இறங்கியபோது அவனுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. "சார், நிறுத்தத் தெரிஞ்சுபோச்சு சார்" என்றான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தினமும் அதிகாலை ஐந்து மணிக்கு மண்டியில் தக்காளி ஏலம் பார்த்துவிட்டு, எட்டு மணிக்குத் தருமபுரி போகிறான். முதுகு நிமிர்ந்திருக்கிறது. கையை இறுக்காமல் வாரைப் பிடிக்கிறான். பெண்குதிரைக்கு வெல்லம் வாங்கிக்கொண்டு போகிறான். ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வெள்ளைக்கு டெட்டனஸ் தடுப்பூசி போட்டாயிற்று. கிளாண்டர்ஸ் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லி அரசு மருத்துவமனையில் பேசினேன். சந்தையிலிருந்து வருகிற எந்தக் குதிரைக்கும் இது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அந்த நோய் மனிதருக்கும் தொற்றும், குதிரைக்கு அதற்கு வைத்தியமில்லை. முடிவு வரும்வரை ஒருவரே தீனி போடுவது, கை கழுவுவது, பக்கத்தில் மற்றக் குதிரைகளை விடாமலிருப்பது. தருமபுரிக்குப் போகுமுன் பையன் குளித்து உடை மாற்ற வேண்டும். அப்பாவே தீனி போட ஒத்துக்கொண்டார். குதிரையோடு பேசிக்கொண்டே போடுகிறார், தக்காளி விலையைப் பற்றி.

செப்டம்பர் 18, வியாழன்

பரிசோதனையில் நோய் இல்லையென்று வந்துவிட்டது. சேலத்தில் ஊர்வலக் குதிரை வைத்திருப்பவர் நேற்று வந்து வெள்ளையைப் பார்த்தார். நல்ல விலை சொன்னார். முள் போடுவீர்களா என்று பையன்தான் கேட்டான். அவர் சிரித்து மழுப்பியதும், இல்லை, கொடுக்கவில்லை என்று அனுப்பிவிட்டான். இருபதாயிரம் லாபம் போயிற்று. அவன் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காயடிப்பது என்று முடிவாயிற்று. மழை விட்டு ஈ குறைந்ததும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் செய்யலாம். அதுவரை நீளக்கயிற்றில் நடை மட்டும், மெத்தென்ற கடிவாளத்தோடு. வாய்த்தழும்பின் மேல் தேங்காயெண்ணெய் தடவும்போது இப்போது தலையை உதறுவதில்லை.

மத்தியானம் பையனின் கூட்டாளி ஒருவன் போனோடு வந்தான். கறுப்புக் குதிரை, புஷ்கரில் இருக்கிறதாம், வீடியோ அனுப்பியிருக்கிறார்கள், இன்று அட்வான்ஸ் போடாவிட்டால் போய்விடுமாம். நான் வாயைத் திறக்குமுன் மண்டிக்காரர் மகன் போனை வாங்கிப் பார்த்தான். "மேளத்தை ஆஃப் பண்ணிட்டு ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுடா. காலைத் தூக்கிக் காட்டச் சொல்லு. வாயைக் காட்டச் சொல்லு" என்றான்.

இதுவரை பதில் வரவில்லை. சனிக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து லாடக்காரர் வருகிறார். வெள்ளைக்கு முன்குளம்பு இரண்டும் செதுக்க வேண்டும். மட்டக்குதிரைக்காரரையும் அன்றே வரச்சொல்லிப் போன் செய்ய வேண்டும்.